கண்மை பூசிய தகடு

எங்கள் அம்மாவுக்குப் பாத்திரம் விளக்குவதில் கொஞ்சம் வெறி உண்டு. ஆயக்குடிக்காரி. அவள் தேய்த்த பித்தளைக் குடத்தில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று ஊரில் பேச்சு. அந்தப் பெருமையைக் கொடைக்கானல் வரை கொண்டுவந்து, வெள்ளைக்காரர் கட்டிய கிறிஸ்தவக் கோயிலில் காட்டியதுதான் வினையாகிவிட்டது.

அப்பாவுக்கு அந்தக் கோயிலில்தான் வேலை. மணியடிப்பது, பெருக்குவது, சுற்றுலா வருகிறவர்கள் பெஞ்சுமேல் ஏறிப் போட்டோ எடுக்காமல் பார்த்துக்கொள்வது. கோயிலுக்குப் பின்னால் இருந்த எங்கள் இரண்டு அறை வீடும் அந்த வேலையோடு வந்ததுதான். மலைக் கருங்கல்லைச் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய சுவர், கைகோத்து நிற்கும் மரச்சட்டங்கள், அதன்மேல் செங்குத்தான கூரை, பீடத்துக்குப் பின்னால் வண்ணக் கண்ணாடி ஜன்னல். கூரை ஏன் இவ்வளவு சரிவு என்று யாராவது கேட்டால், "பனி விழும்னு நெனச்சுக் கட்டிட்டாங்க, மழைதான் விழுந்துச்சு" என்பார் அப்பா. சுவர் நெடுக, செத்துப்போன துரைமார் பெயர் வெட்டிய பித்தளைத் தகடுகள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐயர் அப்பாவைக் கூப்பிட்டார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். சனிக்கிழமை இங்கிலாந்திலிருந்து ஒரு அம்மா வருகிறார், ஜன்னலோரத் தகட்டைப் பார்ப்பதற்கென்றே வருகிறார், அது பளபளவென்று இருக்கவேண்டும் என்றார். அப்பா அதை அம்மாவிடம் சொன்னார். அதற்குமேல் அம்மாவுக்கு யாரும் எதுவும் சொல்லவேண்டியதில்லை.

புளியும் சாம்பலும் போட்டு ஒரு தேய் தேய்த்தாள். பிறகு கண்ணைச் சுருக்கிக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"எழுத்துக்குள்ள பூரா அழுக்கு அடைச்சுக் கெடக்கு. ஒங்கப்பா இத்தன வருசமா என்ன சோலி பாத்தாரோ" என்று சொல்லி, ஒரு ஊக்கை என் கையில் கொடுத்தாள்.

பள்ளி விட்டு வந்ததும் பெஞ்சில் ஏறி நின்று நோண்டுவேன். கறுப்பு, மெழுகுபோலச் சுருண்டு சுருண்டு வந்தது. பழைய காலத்து எழுத்து, ஒரே வளைவும் நெளிவும். நான் படித்த ஏபிசிடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நடுவில் ஒரு 9 மட்டும் எனக்குப் புரிந்தது. என் வயது என்பதால் அதை அம்மாவைத் தொடவிடாமல் நானே சுத்தம் செய்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐயர் வந்து பார்த்தார். தகட்டில் அவர் முகம் தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

"எழுத்து எங்கம்மா?"

"உள்ளதான் ஐயா இருக்கு. அழுக்கத்தான் எடுத்தோம்."

"அது அழுக்கில்லம்மா! எழுத்துத் தெரியணும்னு கறுப்பு மெழுகு அடைச்சு வச்சது. நாளைக்கு வெள்ளனே அவங்க வந்து எதைப் பாப்பாங்க?" அப்பா பக்கம் திரும்பினார். "கோயில் கமிட்டிக்கு நான் என்ன பதில் சொல்ல? வீட்டக் காலி பண்ணச் சொன்னா எங்கப்பா போவ?"

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பளபளக்கவேண்டும் என்றார்கள், பளபளக்கிறது. அதற்கு எதற்கு நாங்கள் வீட்டைக் காலி செய்யவேண்டும்? என் கழுத்தில் கறுப்பு இருந்தால் பீர்க்கங்கூட்டை வைத்துத் தேய்க்கிறார்கள், தகட்டில் கறுப்பு இல்லையென்றால் கோபிக்கிறார்கள். ஐயர் போனதும் அப்பா தலையில் கைவைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தேய்க்கச் சொன்னா தேய்க்கணும். தோண்டுவாளா ஒருத்தி?"

அம்மா வீட்டுக்கு ஓடினாள். தன் கண்மை டப்பாவோடு திரும்பி வந்தாள். தீக்குச்சியில் மையைத் தொட்டு நான் எழுத்துக்குள் நிரப்ப, வெளியே வழிந்ததை அவள் முந்தானையால் ஒற்றி எடுத்தாள். "வெரசா, வெரசா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இருட்டுவதற்குள் எழுத்துகள் திரும்பி வந்துவிட்டன. ஒன்பதில் மட்டும் நான் கொஞ்சம் தாராளமாகவே அப்பியிருந்தேன்.

காலையில் அந்த அம்மா வந்தார். நல்ல வயது. தகட்டின்முன் வெகுநேரம் நின்றவர், எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். ஒன்பதுக்கு வந்ததும் விரலெல்லாம் மை. அதே விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டியதுபோல ஆகிவிட்டது. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வர, அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

அவர் தன் விரலைப் பார்த்தார். குட்டு உடைந்துவிட்டது. "கண்ணு மை ஐயா, வேற ஒண்ணும் இல்ல" என்றாள் அம்மா, அழாத குறையாக. ஐயர் தயங்கித் தயங்கி நடந்ததை ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மா திட்டவில்லை. மை ஒட்டிய விரல்களால் எங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். எனக்கு இன்னும் குழம்பியது.

"அதுல என்ன ஐயா எழுதியிருக்கு?" என்று அம்மா மெல்லக் கேட்டாள்.

"இந்தக் கோயிலுக்குப் பிளான் போட்ட தொரையோட மக. காய்ச்சல்ல இங்கயே போயிருச்சு. ஒம்போது வயசு. அது ஞாபகமாத்தான் அவரு இந்த ஜன்னல வச்சாரு. இவங்க அந்தப் புள்ளையோட தம்பிக்குப் பேத்தி."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஒம்போதா?" என்றாள்.

வீடு தப்பியது. ஐயர் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. திங்கட்கிழமை காலை எனக்குத் தலைபின்னிவிட்ட அம்மா, டப்பாவை வழித்து மிச்ச மையை என் கன்னத்தில் பொட்டாக வைத்தாள். திருஷ்டி, கண்ணேறு என்று யாராவது வாயெடுத்தாலே "நாம வேதக்காரங்க, நமக்கு ஏசப்பா இருக்காரு" என்று அதட்டுகிறவள் அவள்.

"எதுக்கும்மா இது?"

"பேசாம போ" என்றாள்.

தகட்டைக் கெடுத்ததற்கு எனக்குத் தண்டனை போலும் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைகள் பார்த்தால் கேலி செய்வார்கள். ஏரிச்சாலை திருப்பத்தில், எச்சில் தொட்டு அதை அழித்துவிட்டேன்.