சித்தி சொன்ன காற்று

சித்திக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது நான்தான். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எனக்குப் பதினொன்று. களத்தில் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவேன். நான் கையை விட்டுவிட்டது தெரிந்ததும் விழுவாள். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "இன்னொருக்கா பிடி பாப்பா" என்பாள். பதினைந்து நாளில் நேராக ஓட்டினாள். வளைக்க மட்டும் வராது.

எதற்குக் கற்றுக்கொள்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அம்மா கேட்டாள். சித்தியிடம் இல்லை, என்னிடம்.

"அவளுக்கு எதுக்குடி இப்ப சைக்கிளு? எங்க போவப் போறாளாம்?"

தெரியாது என்றேன். அம்மா அதையும் நம்பவில்லை.

சித்தப்பா அறுப்பு மிஷின் ஓட்டுகிறவர். மிஷினுக்குச் சாமான் வாங்க நாகப்பட்டினம் போய்வந்த பழக்கத்தில் சித்தியைப் பார்த்து, பிடித்துப்போய், தை மாதம் கல்யாணம் செய்து கூட்டிவந்துவிட்டார். சித்தி கடற்கரை ஊர். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். அவள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. எங்கள் வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

சித்தப்பா மிஷினோடு ஆந்திரா பக்கம் போன பிறகு அது கூடிவிட்டது. சித்தி கடைக்குப் போனால், திரும்பி வரும்வரை அம்மா வாசலில் நிற்பாள். சித்தி குளிக்கப் போனால் அவள் பெட்டியை ஒருமுறை திறந்து மூடுவாள். நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருந்தது. சித்தியின் பேர் அவள் அப்பா வீட்டு ரேஷன் கார்டில்தான் இருந்தது. அங்கே எடுத்தால்தான் இங்கே சேர்க்க முடியும். எடுக்க விடமாட்டேன் என்று அவள் அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். ரேஷன் வாங்கும் நாளெல்லாம் அம்மா அடுப்பைப் பார்த்துச் சொல்வாள்.

"பேரு அங்க. சாப்பாடு இங்க. கால் என்னைக்குக் கெளம்புமோ."

சித்தி அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். நிமிர மாட்டாள்.

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை, சித்தி அம்மாவிடம் வந்து நின்றாள்.

"அக்கா, நாளைக்கு நாகூர் தர்காவுக்குப் போயிட்டு வரட்டுமா? வேண்டுதல் ஒண்ணு இருக்கு. பாப்பாவும் வரட்டும். சைக்கிள்லயே போயிடுறோம்."

"பஸ்சு ஓடுதுல்ல?"

"பஸ்ஸுல எனக்கு வாந்தி வரும்க்கா."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "சரி, போயிட்டு வா" என்றாள். அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

மறுநாள் காலையில் அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள். என் கையில் இரண்டு ஒரு ரூபாய்க் காசுகளை வைத்து மூடினாள்.

"எங்க போறா, யாருகிட்ட பேசுறா, பாத்துக்கிட்டே இரு. கொஞ்சம் தப்பாப் பட்டாலும் ஒரு ரூவா போனு எந்தக் கடையிலயாச்சும் இருக்கும், போடு. அப்பா செல்லு வீட்டுலதான் இருக்கும். நம்பர் தெரியும்ல?"

"தெரியும்."

"அவகிட்ட ஒளறிக் கிளறி வெக்காத."

பாவாடையில் பை இருந்தது. காசைப் போட்டுக்கொண்டேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சித்திக்கு என் அக்காவின் சைக்கிள். பள்ளிக்கூடத்தில் அக்காவுக்குக் கொடுத்தது. எனக்கு அப்பாவின் பெரிய சைக்கிள். சீட்டை இறக்கினாலும் கால் பாதிதான் எட்டும். சித்தி கேரியரில் ஒரு மஞ்சள் பையை வைத்து மூன்று சுற்றுக் கயிறு போட்டுக் கட்டினாள். தர்காவுக்குப் போகிறவள் அவ்வளவு பெரிய பையை எதற்கு எடுக்கிறாள் என்று நான் நினைத்தேன். வாசலில் நின்ற அம்மாவும் அதைத்தான் நினைத்திருப்பாள்.

பதினாறு கிலோமீட்டர். ரோடு பெரும்பாலும் நேராகக் கிழக்கே போகும். மேட்டூர்த் தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை. வாய்க்கால் எல்லாம் வெடித்துக் கிடந்தது. பத்து மணிக்கே வெயில் சுட்டது. மேற்கிலிருந்து காற்று, அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரி முதுகில் அடித்தது. மிதிக்கவே வேண்டியதில்லை. சைக்கிள் தானாகப் போனது. தாரில் புழுதி எங்களுக்கு முன்னால் ஓடியது.

பாதி வழியில் ஒரு பஸ் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. சித்தி பயந்து ஹேண்டில்பாரை இடதுபக்கம் ஒடித்து, வாய்க்கால் கரையில் விழுந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காத வாத்தியாரம்மா. நீ சொல்லிக்குடுத்த லட்சணந்தான் இது."

முழங்கையில் ரத்தம். அவள் அதைப் பார்க்கவில்லை. எழுந்ததும் முதலில் பையைத் தொட்டுப் பார்த்தாள்.

"பையில என்ன சித்தி?"

"உளுந்து."

"நாகூருக்கு எதுக்கு உளுந்து?"

"வடை சுட."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. வழி நெடுக அவள் பனைமர உச்சியைப் பார்த்துக்கொண்டே வந்ததையும் நான் கவனித்திருந்தேன். எதையோ எதிர்பார்க்கிறாள் என்று தோன்றியது.

"சித்தி, திரும்பி வர்றப்ப இந்தக் காத்த எதுத்து மிதிக்க முடியாது. எனக்கே முடியாது. உங்களால சுத்தமா முடியாது."

"வர்றப்ப எதுக்காது பாப்பா. மத்தியானத்துக்கு மேல கடக்காத்து கெளம்பிடும். போறப்பவும் முதுகுல, வர்றப்பவும் முதுகுல."

இது பொய் என்று எனக்குத் தெரிந்தது. என் பள்ளிக்கூடம் வடக்கே. காற்று எனக்கு எப்போதும் பக்கவாட்டில்தான். மனுஷர்கள் திரும்பினால் காற்றும் திரும்பும் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. அப்படியானால் திரும்பி வருகிற எண்ணமே இவளுக்கு இல்லை. பாவாடைப் பையில் கைவிட்டுக் காசைத் தொட்டுக்கொண்டேன்.

நாகூருக்கு இடதுபக்கம் திரும்ப வேண்டும். போர்டு இருந்தது. நான் படித்தேன். சித்தி நேராகப் போனாள்.

"சித்தி, நாகூர் அந்தப் பக்கம்."

"எனக்குத் தெரியாதா? மொதல்ல ஒரு வீட்டுக்குப் போயிட்டு."

"யாரு வீட்டுக்கு?"

அவள் பெல் அடித்தாள். ரோட்டில் யாருமே இல்லை.

சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகள் தொடங்குகிற இடத்தில் ஒரு பெட்டிக்கடை. சித்தி இறங்கினாள். புடவையைச் சரி செய்தாள். எனக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தாள். பையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அரை மணி நேரம் பாப்பா. எங்கப்பாவைப் பாத்துட்டு வந்துடுறேன். நீ இங்கயே நில்லு. ரெண்டு சைக்கிளையும் பாத்துக்க."

எல்லா வீடும் ஒரே மாதிரி இருந்தன. அதில் ஒன்றில் நுழைந்தாள். கதவு மூடியது.

கடைக்கார அம்மா சில்லறை டப்பாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அது உனக்கு யாரு?"

"எங்க சித்தி."

"அடி ஆத்தே! வந்துடுச்சா! அஞ்சு மாசமா அவ அப்பன் யாருகிட்டயும் மொகங்குடுத்துப் பேசல. இனிமே விடுவானா?"

"சாயங்காலம் எங்க ஊருக்குத் திரும்பிடுவோம்."

"இந்தக் காத்துலயா?" என்று சிரித்தார்.

கடையில் கடிகாரம் இருந்தது. அரை மணி நேரம் ஆனது. முக்கால் ஆனது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சோடா பாட்டிலில் ஈ உட்கார்ந்தது. கடை வாசலில் தொங்கிய ஷாம்பு பாக்கெட் சரங்கள் காற்றில் கடலைப் பார்த்து நீட்டிக்கொண்டே இருந்தன. அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. சண்டைச் சத்தம் கேட்டிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். சத்தமே இல்லாததுதான் எனக்குத் தப்பாகப் பட்டது. இப்போது அவள் கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்திருப்பாள், பையிலிருந்து துணியை எடுத்துக் கொடியில் போட்டிருப்பாள் என்று நினைத்தேன்.

ஒரு மணி நேரம் ஆனதும் கடையின் சிவப்புப் போனில் காசைப் போட்டேன். அம்மாதான் எடுத்தாள்.

"அம்மா, சித்தி நாகூர் போகல. அவங்க அப்பா வீட்டுக்குள்ள போயிட்டாங்க. ஒரு மணி நேரமாச்சு. வர மாட்டாங்க போலருக்கு."

"பையி?"

"பையோடதான் போனாங்க."

"எனக்கு அன்னைக்கே தெரியும்டி. நீ எங்கயும் போவாத. அப்பாவை அனுப்புறேன்."

போனை வைத்தேன். சரியான வேலை செய்துவிட்டேன் என்று இருந்தது.

கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. காற்று நின்றது. ஷாம்பு சரங்கள் நேராகத் தொங்கின. ஊரே மூச்சை அடக்கிக்கொண்ட மாதிரி ஒரு புழுக்கம். வியர்வை கண்ணில் இறங்கியது. பிறகு சரங்கள் மெதுவாக ஆடின. ஒவ்வொன்றாக எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பி நீட்டிக்கொண்டன. குளிர்ந்த காற்று. உப்பு வாசனை.

கதவு திறந்தது. சித்தி ஓட்டமும் நடையுமாக வந்தாள். கண் வீங்கியிருந்தது. வாய் சிரித்தது.

"ஏறு பாப்பா, ஏறு. காத்து வந்துடுச்சு பாரு. சொன்னேன்ல?"

இடது கன்னத்தில் ஊதாவாக ஏதோ ஒட்டியிருந்தது.

"கன்னத்துல மை சித்தி."

"இருக்கட்டும்."

பையைத் திறந்து காட்டினாள். உளுந்து இல்லை. பேப்பரில் சுற்றிய கருவாடு. பிளாஸ்டிக் உறையில் அவள் அப்பா வீட்டு ரேஷன் கார்டு. எழுதிய மனு ஒன்று, அடியில் ஊதா மையில் ஒரு பெருவிரல்.

"உளுந்து எங்கப்பாவுக்கு. இது எங்கப்பா வெச்ச கைநாட்டு. நாளைக்கு ஆபீசுல குடுத்துட்டா இங்க என் பேரு போயிடும். அப்புறம் உங்க கார்டுலதான். பஸ்ஸுல வந்தா எங்கூரு மீன்காரம்மாங்க பாத்துட்டு முன்னாலயே வந்து சொல்லிடுவாங்க. எங்கப்பா கதவப் பூட்டிட்டுப் போயிடும். அதான் சைக்கிளு." பையை மறுபடி கட்டினாள். "உங்கம்மாகிட்ட நாந்தான் சொல்லுவேன். நீ முந்திக்காத, என்ன?"

நான் தலையாட்டினேன். போன் போட்டதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"நாகூருக்கு?" என்று கேட்டேன்.

"காத்து இருக்குறப்பவே போயிடணும். நாகூருக்கு இன்னொரு நாள் வரலாம்."

அன்றைக்கு மாதிரி நான் பிறகு சைக்கிள் ஓட்டியதில்லை. கடல் எங்களைப் பின்னாலிருந்து தள்ளியது. புடவைத் தலைப்பு சித்திக்கு முன்னால் பறந்தது. ரோடு வளைகிற இடத்தில் பிரேக் பிடிக்காமல் அவளாகவே வளைத்தாள்.

"பாத்தியா வாத்தியாரம்மா!"

மிச்சம் இருந்த ஒரு ரூபாய் ஒவ்வொரு மிதிக்கும் தொடையில் தட்டியது.

பாதி வழியில், மதகுக்குப் பக்கத்தில், அப்பா எதிரே வந்தார். பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிள். எதிர்க்காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தவர் எங்களைப் பார்த்து நிறுத்தினார்.

"நாகூருக்குன்னு சொன்னியாம்" என்றார்.

சித்தி அப்பாவைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பாப்பா போன் போட்டுச்சா மாமா?"

அப்பா வாய்க்காலைப் பார்த்தார். அதில் தண்ணீர்கூட இல்லை.

"வண்டியில ஏறு. சைக்கிள இங்க பூட்டிட்டுப் போவலாம்."

"வேணாம் மாமா. சைக்கிள்லதான் வந்தேன். சைக்கிள்லயே வர்றேன்."

அப்பா வண்டியைத் திருப்பி எங்களுக்குப் பின்னால் மெதுவாக ஓட்டிவந்தார். எட்டு கிலோமீட்டரும் அந்த வண்டிச் சத்தம் முதுகுக்குப் பின்னாலேயே வந்தது. நேராக ஓட்டியவள் மறுபடி ஆட ஆரம்பித்தாள். இரண்டு முறை காலை ஊன்றினாள்.

வாசலில் அம்மா நின்றாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கூட நின்றார்கள். சித்தி அவர்களைப் பார்க்காமல் பையை அவிழ்த்தாள். கருவாட்டை அம்மா கையில் கொடுத்தாள். அதன்மேல் கார்டையும் மனுவையும் வைத்தாள்.

"பேரு எடுத்தாச்சுக்கா."

அம்மா மனுவைப் படித்தாள். அடியில் இருந்த விரலைப் பார்த்தாள். வந்த பெண்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

"மொகத்தக் கழுவிட்டு வா. சாப்பிடலாம்" என்றாள்.

சித்தி கைகால் கழுவினாள். முகம் கழுவவில்லை. கன்னத்து மையோடேயே சாப்பிட்டாள். சரியான கிறுக்கு என்று நான் நினைத்தேன். கைநாட்டு வைத்த மனுஷன் அதே கையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் போனைப் பற்றிச் சித்தி என்னிடம் ஒருநாளும் பேசவில்லை. எனக்குத் தலை வாரிவிட்டாள், வடை சுட்டுக் கொடுத்தாள், எல்லாம் செய்தாள். சைக்கிளை மட்டும் தொடவில்லை. நானும் கூப்பிடவில்லை. அக்காவின் சைக்கிள் மாட்டுக்கொட்டகையில் துருப்பிடித்தது.

போன வருஷம் எனக்குக் கல்யாணமானது. எங்கள் வீட்டு கார்டிலிருந்து என் பேரை எடுக்க வேண்டியிருந்தது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான். கைநாட்டெல்லாம் கேட்கவில்லை. அப்பா செல்லுக்கு ஒரு நம்பர் வந்தது. அப்பா அதை ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னார். "முடிஞ்சுதுங்க" என்றாள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

அப்பா செல்லைச் சட்டைப் பையில் போட்டார். மறுபடி எடுத்துப் பார்த்தார். மறுபடி போட்டார். வெளியே போய் ரோட்டைப் பார்த்து நின்றார். நான் கூப்பிட்டும் கொஞ்ச நேரம் திரும்பவில்லை.

அன்று அந்தக் கடை வாசலில், ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, இனி வர மாட்டாள் என்றுதான் எனக்குப் பட்டது. ஐந்து மாதம் கழித்துப் பார்த்த அப்பாவை விட்டு ஒரு மணி நேரத்திலேயே வந்துவிட்டாள் என்று எனக்குப் படவில்லை.