மருந்து கட்டுறது பாதி, கதைக்கிறது பாதி

புண்ணுக்கு மருந்து கட்டக் கை மட்டும் காணும். அந்தப் புண் ஆறி மாறுறதுக்கு வாயும் வேணும்.

சாவகச்சேரிப் பக்கம் ஒரு சின்ன ஆசுப்பத்திரியிலை, நீரிழிவு எண்ட சலரோகம் உள்ளாக்களின்ரை கால் புண்ணுக்கு மருந்து கட்டுறதுதான் என்ரை வேலை. தாதிமாரைச் சனம் ‘மிஸ்ஸி’ எண்டு கூப்பிடும். பள்ளிக்கூடத்திலையோ வங்கியிலையோ நாள் முழுக்க வாய் காயக் கதைச்சுப்போட்டு, கேட்ட ஆள் என்ன விளங்கிக்கொண்டு போனாரோ எண்டு தலையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறியளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்லுறன். புத்தூர்க் கந்தசாமி அண்ணையின்ரை கால் பட்ட பாடு உங்களுக்குப் புதினமா இராது.

சின்னப் புண்

அண்ணை முதல் வந்தது, வெங்காயத் தறையிலை மண்வெட்டி பட்ட சுண்டு விரலோடை. சலரோகத்தாலை கால் மரத்துப்போய் நோ தெரியேல்லை; ரத்தத்தைக் கண்டுதான் பயந்தவர். அந்த முகத்தைப் பாத்து இரங்கி, “சின்னப் புண்தான், பயப்பிடாதேங்கோ. ஒண்டவிட்டொரு நாள் வந்து மருந்து கட்டுங்கோ” எண்டார் டொக்டர்.

ஆள் அந்தக் கிழமை வரேல்லை. அடுத்த கிழமையும் இல்லை. பேந்து மனிசி புஷ்பம் அக்காதான் இழுத்துக்கொண்டு வந்தவ. கட்டை அவிட்டால், பக்கத்து விரலும் சிவந்து வீங்கிக் கிடக்கு. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “அண்ணை, உங்களுக்குக் கால் வேணுமோ வேண்டாமோ?” எண்டு கத்திப்போட்டன். அவர் ஆறுதலாச் சொன்னார்: “சின்னப் புண் எண்டு டொக்டரே சொன்னவர், மிஸ்ஸி. சின்னப் புண்ணுக்காக ஆரும் வெங்காயத்தை வாட விடுவினமோ?”

தண்ணி

அதுக்குப் பிறகு நான் கனக்கக் கதைக்கேல்லை. காலிலை தண்ணி படக்கூடாது, அவ்வளவுதான். வரேக்கையும் சொன்னன், போகேக்கையும் சொன்னன். அண்ணையும் சொல்லுக் கேட்டார். தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கக் கூலிக்கு ஆள் விட்டார். குளிக்கேக்கை காலிலை பொலித்தீன் பை கட்டினார். புண்ணும் காயத் துவங்கினது. எனக்கெண்டால் தலைகால் தெரியாத சந்தோசம்.

ஆடி அமாவாசைக்கு அடுத்த நாள் வந்தார். கட்டு ஊறிப்போய் மணக்குது. தகப்பன் இல்லாத ஆம்பிளையள் அண்டைக்குக் கீரிமலையிலை முழுகுறது எங்கடை வழக்கம். அண்ணை கேணியிலையும் முழுகி, கடலிலையும் முழுகி, வெறுங்காலோடை கோயிலையும் சுத்திப்போட்டு வந்திருக்கிறார். “தண்ணி படக்கூடாது எண்டு சொன்னனானெல்லே, அண்ணை?” எண்டு கேக்க எனக்கு அழுகை வந்திட்டுது. அவருக்கோ என்ரை கேள்வி விளங்கவேயில்லை. “அது தண்ணியோ மிஸ்ஸி? அப்பருக்கு முழுகின தீர்த்தமெல்லே!”

தலையாட்டு

எக்ஸ்ரே எடுத்துப் பாத்தால் கிருமி எலும்புக்குள்ளை போயிட்டுது. டொக்டர் நிண்டபடி விளங்கப்படுத்தினார். கிருமித் தொற்று, ரத்த ஓட்டம், மேலை ஏறினால் யோசிக்க வேண்டி வரும் எண்டு எல்லாம் சொன்னார். நல்ல மனிசன், ஆனா ‘விரலை எடுக்க வேணும்’ எண்ட ஒரு சொல் அவரின்ரை வாயாலை வரேல்லை. அண்ணை எல்லாத்துக்கும் தலையாட்டினார். டொக்டர் திருப்தியா வெளிக்கிட்டார்.

எனக்கு உந்தத் தலையாட்டிலை நம்பிக்கை விட்டுப்போச்சு. “அண்ணை, வெளியிலை அக்கா நிக்கிறா. டொக்டர் சொன்னதை அவவுக்கு எப்பிடிச் சொல்லுவியள்? எனக்கு ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோ” எண்டன். அண்ணை யோசிச்சு, “ஊசி போட மாறீடுமாம்” எண்டார்.

வாசல் வரை போன டொக்டர் அப்பிடியே நிண்டிட்டார். திரும்பி வந்து, கதிரையை இழுத்து அண்ணைக்கு முன்னாலை இருந்தார். “ரெண்டு விரலை இண்டைக்கு எடுக்க வேணும். விட்டால் முழங்காலுக்குக் கீழை எடுக்க வேண்டி வரும். அதுக்கும் பிந்தினால் உயிருக்குப் பயம்.” அண்ணை காலைப் பாத்தபடி சொன்னார்: “இதை முதல் நாளே இப்பிடிச் சொல்லியிருந்தால், நான் வெங்காயத்தை விட்டிட்டு வந்திருப்பனே, ஐயா.”

வாசல்

ரெண்டு விரல் போனது. கால் தப்பினது.

ஆனா வெட்டின இடம் மாறக் கன நாள் செல்லும். ஒருக்கா வராமல் விட்டாலும் பழைய கதைதான். துண்டு வெட்டி வீட்டை அனுப்பின அண்டைக்கு, எப்ப வர வேணும், கீரிமலை உட்பட எந்தத் தண்ணியும் ஆகாது எண்டதை எல்லாம் சொன்னன். சொல்லிப்போட்டு வாயை மூடினன். அண்ணை ஒவ்வொண்டாத் திருப்பிச் சொன்னார். விட்டதைப் புஷ்பம் அக்கா எடுத்துக் குடுத்தா.

வேறை எங்கையிருந்து வெளிக்கிட்டாலும் ‘போட்டு வாறன்’, போய்த் திரும்பி வாறன் எண்டுதானே நாங்கள் சொல்லுவம். ஆசுப்பத்திரியிலை மட்டும் அதை ஆரும் சொல்லாயினம். திரும்ப நோய் வருத்தத்தோடை வர வேண்டி வரும் எண்ட பயம். பேசாமல்தான் படி இறங்குவினம். அண்ணையும் பொல்லை ஊண்டி அப்பிடித்தான் இறங்கினார். வாசலிலை நிண்டு திரும்பினார். என்ன சொல்லப் போறார் எண்டு அக்காவுக்கு விளங்கியிருக்க வேணும், கையைப் பிடிச்சு இழுத்தா. அண்ணை விடேல்லை. “மிஸ்ஸி, போட்டு வாறன். வெள்ளிக்கிழமை காலமை வருவன்.”

எங்கடை தொழிலிலை, கேட்ட ஆள் தன்ரை வாயாலை திருப்பிச் சொல்லுமட்டும் நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை எண்டுதான் கணக்கு.