மேல பாரு

எங்க முகாம் வைத்திய அறையில ஊசி போடுற அண்ணனுக்கு நாங்க வச்ச பேரு 'மேலபாரு'. காய்ச்சல்னு போனாலும் சரி, பூட்ஸ் கடிச்சுப் புண்ணுன்னு போனாலும் சரி, முதல்ல தலையை அசைக்காம மேல பார்க்கச் சொல்லுவார். கால்ல முள்ளு குத்தினா கண்ணுல என்னய்யா இருக்குன்னு கிண்டல் பண்ணுவோம். வீட்டுல மாமியாரைக்கூட விட்டு வைக்கலைன்னு அவர் சம்சாரமே சொல்லிச் சிரிச்சிருக்காங்க. எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி இருப்பார் மனுஷன்.

நான் ஹவில்தார். காலை அணிவகுப்புல தலை எண்ணுறது என் வேலை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க! அன்னைக்கு ஒரு லாரி டிரைவர், வயித்து வலி, நாக்கு தடிச்சுப் போச்சுன்னு முனகினான். ஏற்கெனவே ரெண்டு தடவை இப்படிச் சொல்லி ஓட்டத்துக்கு டிமிக்கி கொடுத்தவன். என் காதுல பூ சுத்தப் பாக்கிறியான்னு திட்டி, மைதானத்தை ஒரு சுத்து ஓடவிட்டேன். பாதியில உட்கார்ந்துட்டான். வைத்திய அறைக்கு அனுப்புற சீட்டுல 'நடிப்பு, திருப்பி அனுப்பவும்'னு எழுதி, நானே இழுத்துக்கிட்டுப் போனேன்.

அண்ணன் சீட்டைப் படிச்சுட்டு மடிச்சுச் சட்டைப் பையில வச்சார். அவனை மேல பார்க்கச் சொன்னார். கண்ணு மேல போச்சு, இமை போகலை. எங்க படுத்தேன்னு கேட்டார். கட்டில்லன்னான். மூணு தடவை கேட்டும் அதே பதில். அண்ணன் தேடிப் பார்த்தும் பாம்பு கடிச்ச தடம் உடம்புல எங்கயும் இல்லை. தரையில படுத்தா ஏழு நாள் தண்டனைன்னு உத்தரவு போட்டவன் பக்கத்துலயே நின்னா, யார்தான் ஒத்துக்குவான்? அந்த உத்தரவு என்னுது.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "இமை தூக்க முடியலைன்னா விஷம் ஏறுதுன்னு அர்த்தம். தரையில படுத்தவனைக் கட்டுவிரியன் ராத்திரியில கடிச்சா வலியும் இருக்காது, தடமும் தெரியாது. தண்டனை கிடையாதுன்னு நீங்க சொல்லுங்க ஹவில்தார். நான் சொன்னா நம்ப மாட்டான்."

அவன் முன்னாடி இறங்கிப் போறது எனக்குக் கௌரவக் குறைச்சல். ஆனாலும் சொன்னேன்.

வெக்கை தாங்காம தரையிலதான் படுத்தேன்னு குழறினான். அண்ணன் டாக்டருக்கு போன் பண்ணி, அவர் சொன்னபடி விஷமுறிவு மருந்தை ஏத்தி, பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுக்கச் சொன்னார். பாதி வழியில பையனுக்கு மூச்சு நின்னுபோச்சு. முகத்துல மூடியை வச்சு, ரப்பர் பையை அமுக்கி அமுக்கி, ஐம்பது நிமிஷம் அண்ணன்தான் அவனுக்கு மூச்சு விட்டார். விரலெல்லாம் வெளுத்துப் போச்சு. நான் மாத்திக்கிறேன்னு கெஞ்சினேன்.

"இது எனக்குப் பழக்கம். நீங்க அவன்கிட்ட பேசுங்க. அசையத்தான் முடியாது, காது கேட்கும்."

என்னத்தைப் பேச? திட்டத்தானே எனக்குத் தெரியும். பிழைச்சு வாடா, ஏழு நாள் லீவு தரேன்னு திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அஞ்சாம் நாள் தொண்டைக் குழாயை எடுத்தாங்க. கட்டில் பக்கத்துல நானும் அண்ணனும் நின்னோம். பையன் கரகரன்னு முதல்ல கேட்டது, "ஐயா, லீவு என்னைக்கு?"

அண்ணன் வாய்விட்டுச் சிரிச்சார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து என் கையில கொடுத்தார். நான் குனிஞ்சு அதையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

"மேல பாருங்க ஹவில்தார்"னார்.

என்னால முடியலை.