சித்தப்பா வீட்டு விளக்கு

நீலகிரி மலையில், குந்தாவில் தயாராகும் மின்சாரம் எங்கள் தலைக்கு மேலேதான் கோயம்புத்தூருக்குப் போகும். கீழே தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக நிற்கும் எங்கள் லயன் வீடுகளுக்குப் போகும் பாதை மட்டும் இருட்டாகக் கிடக்கும். பெரியவர்கள் பஞ்சாயத்துக்கு நடந்து நடந்து அலுத்துப்போன பிறகு ஒரு தெருவிளக்கு வந்தது. அது சித்தப்பா வீட்டு வாசலில் வந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

சித்தப்பா மகளுக்கும் எனக்கும் ஒரே வயது. விளக்கு வந்ததும் அவள் நடையே மாறிவிட்டது. சாயங்காலம் அதன் அடியில் பாண்டி ஆடுவாள். யாரைச் சேர்த்துக்கொள்வது என்பதையும் அவள்தான் முடிவு செய்வாள். "எங்க லைட்டு" என்று வேறு சொல்வாள். பஞ்சாயத்துத் தலைவரே ஆரஞ்சுப் பழங்களோடு அவர்கள் வீட்டுக்கு வந்துபோனார். சித்தப்பா கட்டிலில் கிடந்தார். ஃபேக்டரியிலிருந்து திரும்பும்போது, வாசலருகே இருட்டில் நின்ற காட்டெருமை முட்டி அவருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அது எனக்கும் தெரியும். ஆனால் என் கண் ஆரஞ்சை விட்டு நகரவில்லை.

விளக்கைச் சரிபார்க்க வந்த பஞ்சாயத்து ஆளை ஒருநாள் மடக்கினேன்.

"எங்க ஊட்டுக்கும் ஒண்ணு போடுங்கண்ணா."

"அங்கயும் காட்டெருமை வருதா கண்ணு?"

"தினமும் வருதுங்க." பொய்தான்.

"யாரையாச்சும் முட்டிருச்சா?"

"இன்னும் இல்லீங்க."

"அப்ப மேல கேட்டாலும் குடுக்க மாட்டாங்களே" என்று ஏணியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நேராக அம்மாவிடம் ஓடினேன். அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பாவையும் ஒருதடவ முட்டுச்சுன்னா நமக்கும் லைட்டு வரும்ல?"

அம்மாவின் கை நின்றது. அடி விழும் என்று முதுகை வளைத்துக்கொண்டேன். விழவில்லை. அடுப்பை அணைத்தாள். செல்போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு பனிமூட்டத்துக்குள் இறங்கிப்போனாள். அப்பா ஃபேக்டரி விட்டு வரும் நேரம் அது.

அதன் பிறகு தினமும் அந்த நேரத்துக்கு அம்மா பாதை வளைவில் போய் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் சித்தப்பா வீட்டு வெளிச்சம் நன்றாகத் தெரியும். அதைப் பார்க்கத்தான் போகிறாள், அவளுக்கும் என்னைப் போலவே பொறாமை என்று நினைத்தேன். துணைக்கு ஒரு ஆள் கிடைத்த நிம்மதியில் நன்றாகத் தூங்கினேன்.