தோகைக்குக் கழிவு என்று பெயர் வைத்தவர்கள்

பிரான்சுக்கு வந்து ஆறு வருடமாகியும், வண்டிக்கு எரிபொருள் போடும்போது குழாயருகே மூக்கைக் கொண்டுபோகிறேன். நான் ஓட்டும் கம்பெனி வேனுக்கு எத்தனால்தான் போடுகிறோம். குளிரில் நின்றால் புதுச்சேரி சாராயக்கடை வாசனை. சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கிலிருந்து எடுக்கிறார்களாம். "இனி வைக்கோலிலும் எடுப்பார்கள், வீணாகிற குப்பைதானே" என்றான் கூட வேலை செய்யும் பத்ரிக். "அப்போது மாடு என்ன தின்னும்?" என்று கத்தினேன். வேடிக்கை பேசுவதாக நினைத்துத் தோளில் தட்டினான்.

என் கோபம் அவன்மேல் இல்லை. போன விடுமுறையில் ஊரில் நானே அப்படித்தான் பேசினேன். தவளக்குப்பம் தாண்டி அண்ணன் ஆரோக்கியம் கரும்பு போட்டிருந்தார். கரும்புத் தோகையிலிருந்து எத்தனால் எடுக்கும் கம்பெனியிலிருந்து ஒருவர் காகிதங்களோடு வந்தார். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. லாரி குடிக்கிற டீசல், ஆலைக்கு வேண்டிய தண்ணீர், வயலில் எரிக்காவிட்டால் குறைகிற புகை எல்லாவற்றையும் கேட்டேன். எல்லாம் காகிதத்தில் இருந்தது. தோகைக்கு நேரே மட்டும் 'கழிவு' என்று போட்டிருந்தது.

"கரும்பு வெட்டுற செல்வி ஆளுங்க ஒத்துக்குவாங்களாடா?" என்றார் அண்ணன்.

"குப்பைக்கு எவண்ணே சண்டைக்கு வருவான்? கையெழுத்துப் போடு. பிரான்சுல இதுலதான் வண்டியே ஓடுது."

போட்டார். சர்க்கரை ஆலையிலிருந்து கரும்பை வெட்டச் சொல்லிக் கட்டிங் ஆர்டர் வந்த காலையில், வெட்டாட்களின் மேஸ்திரி செல்வி கத்தியைக் கீழே வைத்துவிட்டார். கூலி போக, பச்சை நுனித்தோகை வெட்டுகிறவர்களின் மாட்டுக்கு. எங்கள் பக்கத்து வழக்கம் அது, காகிதத்தில் ஏறாதது. வயலில் பிறந்த நானும் மறந்திருந்தேன்.

"தோக லாரில போயிட்டா எங்க மாடு என்னா தம்பி, ஒன் பெட்ரோலையா குடிக்கும்?" என்றார் செல்வி. அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

வெட்ட ஆளில்லாமல் கரும்பு நின்ற நிலையிலேயே காய்ந்தது. பச்சைத் தோகை வெட்டாட்களுக்கு, அடியில் காய்ந்த சோகை மட்டும் கம்பெனிக்கு என்று அண்ணன் இறங்கிவந்தார். அந்தக் கொஞ்சத்துக்கு லாரி அனுப்பினால் கட்டாது என்று கம்பெனிக்காரர் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். செல்வி ஆட்கள் வந்து வெட்டும்போது கரும்பில் பாதிச் சாறுகூட இல்லை. அண்ணன் திட்டவில்லை. "ஒனக்கு லீவு முடியுதில்ல, கெளம்பு" என்றார். திட்டியிருக்கலாம்.

இங்கே இந்த எரிபொருள் வந்த பீட் வயலில் யாருடைய மாட்டுக்கு என்ன போகாமல் நின்றது? யாரைக் கேட்பது என்றுகூட எனக்குத் தெரியாது. இன்று காலையும் டாங்கை நிரப்பினேன். வேனை ஒப்படைத்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பிடக் கையைத் தூக்கினால் அதே வாசனை.