புளி போட்டு மினுக்கிய கோதுகள்

எனக்கு மினுக்கம் பிடிக்கும். சப்பாத்தோ காரோ, பளபளவென்று இருக்க வேண்டும். அந்தக் குணம் ஒருநாள் என் கண்ணுக்கே உலை வைக்கப் பார்த்தது.

ரைபிளில் குறிபார்த்துச் சுடுவது என் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. ரவைத் தோட்டாக்களைக் கடையில் வாங்குவதில்லை. சட்டன் நகரில் எங்கள் வீட்டுத் தோட்டத்துக் கொட்டிலில் நானே அடைப்பேன். சுட்டபின் மிஞ்சும் வெற்றுப் பித்தளைக் கோதின் கழுத்தை அச்சில் குறுக்கி, வெடிமருந்து போட்டு, பாய்ந்து போகும் குண்டான சன்னத்தை அதன் வாயில் இறக்க வேண்டும். கழுத்து சன்னத்தை இறுகப் பிடித்தால்தான் அது ரவை. கிளப்பில் வெள்ளைக்காரர்கள் என் கோதுகளைக் கையில் வாங்கிப் பார்ப்பார்கள். குத்துவிளக்குக்குப் போடுகிற அதே பழப்புளியில் ஊறவைத்து, சட்டி தேய்க்கும் கம்பிப் பஞ்சை ட்றில் மெஷினில் சுற்றி, கழுத்தின் உட்புறத்தையும் விடாமல் தேய்ப்பேன்.

என் மனைவி கொட்டில் பக்கமே வரமாட்டாள். வன்னிப் போரில் சன்னங்களுக்கு நடுவே ஓடித் தப்பி வந்தவள். "உதெல்லாம் எனக்குக் காட்டாதேங்கோ" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

கிளப் அணியில் அந்த வருடம்தான் எனக்கு இடம் கிடைத்தது. போட்டிக்கு முதல் நாள் மத்தியானம், அடைத்த ரவையொன்று கைதவறி மேசையில் விழுந்தது. சன்னம் கோதுக்குள் புதைந்துவிட்டது. இன்னொன்றைப் பெருவிரலால் அமத்தினேன்; அதுவும் உள்ளே போனது. அச்சைக் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். சன்னங்களை அளந்தேன், சரியாகத்தான் இருந்தன. ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டியும் இளக்கம் போகவில்லை. விசர் பிடித்து ஸ்பானரைத் தூக்கி எறிந்தேன்.

சத்தம் கேட்டு மனைவி கொட்டில் வாசலில் வந்து நின்றாள்.

"என்னப்பா நடக்குது?"

"ஒண்டுமில்லை. சன்னம் கொஞ்சம் லூஸ். நாளைக்குச் சமாளிப்பன்."

"லூஸா இருந்தா என்ன செய்யும்?"

"உள்ளுக்குப் போனா அமுக்கம் கூடும்."

"பொய் சொல்லாதேங்கோ. முகத்துக்கு நேர வெடிக்குமோ?"

"ஓம். வெடிக்கலாம்."

"அதைக் கொண்டே போகப் போறியள்? விசரே உங்களுக்கு?"

அணியில் கிடைத்த இடத்தை விட மனமில்லை, அதுதான் உண்மை.

அவள் உள்ளே வந்தாள். "எல்லாம் இளகுதோ? புதுக் கோதும்?"

ஒருமுறையும் சுடாத புதுக் கோதொன்றை அதே அச்சில் போட்டு, மருந்தில்லாமல் சன்னம் இறக்கி, மேசையில் அழுத்தினேன். அசையவில்லை.

"அப்ப அச்சில பிழை இல்லை. பழசுக்கு மட்டும் என்ன செய்யிறியள்?"

கம்பிப் பஞ்சைக் கழுத்துக்குள் விட்டுத் தேய்த்துக் காட்டினேன். அவள் பல் வைத்தியர்களுக்குப் பல்லுறை செய்து கொடுக்கும் லாபில் வேலை செய்கிறவள். தலையில் கை வைத்தாள்.

"ஐயோ! வெளியில எவ்வளவும் மினுக்குங்கோ. உள்ளுக்கை தேய்ச்சா ஓட்டை பெருசாகுமெல்லே? நாங்கள் உப்பிடிச் செய்தா சனம் பல்லைச் சோத்தோட விழுங்க வேண்டியதுதான்."

என் அச்சு கழுத்தை வெளியிலிருந்து ஒரே அளவுக்குத்தான் குறுக்கும். உட்சுவர் மெலிந்தது அதற்கு எப்படித் தெரியும்? மாதக்கணக்காக அதைத் தேய்த்து மெலிய வைத்தவன் நான். நான் முட்டி மோதியதை இரண்டே கேள்வியில் முடித்துவிட்டாளே! என்ன மூளையப்பா அது!

பழையவற்றைப் பிரித்துப்போட்டு, புதுக் கோதுகளில் முப்பது அடைத்தேன். அவள் போகவில்லை. ஒவ்வொரு ரவையையும் கையில் வாங்கி, சன்னத்தின் நுனியை மேசையில் அழுத்திப் பார்த்துப் பெட்டியில் வைத்தாள்.

"நீர் போம். நான் பாக்கிறன்" என்றேன்.

"நீங்கள் சமாளிப்பியள். நான் பாக்கிறன்."

அடுத்த நாள் எங்கள் அணி மூன்றாவதாக வந்தது. வீட்டுக் கதவைத் திறந்தவள் அதைக் கேட்கவில்லை. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு கண்ணைப் பார்த்தாள், மற்றக் கண்ணையும் பார்த்தாள்.

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ. சோறு ஆறுது" என்றாள்.