சாங்கியிலிருந்து ஜோகூருக்கு ‘டைரக்ட்’ பஸ்

முதல் நாள்

என்னை சாங்கி விமான நிலையக் கவுன்டருக்கு மாற்றிய முதல் நாளே பாஸோடு சண்டை வந்துவிட்டது.

அதற்கு முன் பல வருஷமாக சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் இருந்த எங்கள் டிராவல் ஆபீசில்தான் வேலை பார்த்தேன். சென்னை, திருச்சி டிக்கெட் போடுவது, விசா வேலை, தீபாவளி நேரத்தில் எக்ஸ்ட்ரா பெட்டிக்கு ஏர்லைனோடு மல்லுக்கட்டுவது என்று நாள் போய்விடும். கோவிட் முடிந்து எல்லை திறந்ததும் பாஸ் குமரேசன் புதிதாக ஒரு தொழில் ஆரம்பித்தார். சாங்கியில் இறங்குபவர்களை அங்கிருந்தே ஜோகூர் பாருவுக்குக் கூட்டிப்போகும் கோச் சர்வீஸ். மலேசியக்காரர்கள் நிறையப் பேர் சிங்கப்பூரில் வந்து இறங்கித்தான் ஜோகூரை இணைக்கும் கடல் பாலத்தைத் தாண்டி வீட்டுக்குப் போகிறார்கள். அதனால் கூட்டத்துக்குக் குறைவில்லை.

கவுன்டருக்கு மேலே பெரிய போர்டு வைத்திருந்தார். ‘சாங்கி – ஜோகூர் டைரக்ட். உட்காருங்கள், ஊரில் இறங்குங்கள்.’

“லலிதா, கவுன்டர்ல உக்கார்றதுக்கு முன்னாடி ஒரு தடவ பஸ்ல போயிட்டு வந்துரு. கஸ்டமர் ஏதாச்சும் கேட்டா முழிக்கக் கூடாது லா” என்றார் பாஸ். சிங்கப்பூர் வழக்கப்படி ‘லா’ போடாமல் அவருக்குப் பேச்சு முடியாது. நல்ல யோசனைதான். இன்று வரை அவர் எனக்குச் சொன்னதிலேயே சிறந்த யோசனை அதுதான். ஆனால் சொன்னவர் ஒரு தடவைகூட அந்தப் பஸ்ஸில் போனதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்று மதிய பஸ்ஸில் என்னோடு ஏறியவர்களில் ஒரு தம்பதி இருந்தார்கள். பவானி, தியாகராஜன். ஜோகூர்காரர்கள். சென்னையில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போன இடத்தில் தியாகராஜன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. அங்கேயே ஆபரேஷன் முடித்து, மடக்கும் வீல்சேரில் உட்காரவைத்து, அந்த அம்மாள் தனியாக அவரைக் கூட்டி வந்திருந்தார். வெப்சைட்டில் ‘டைரக்ட்’ என்று பார்த்துத்தான் எங்கள் டிக்கெட்டை வாங்கியிருந்தார்.

“ஒரே சீட்டுல போயிரலாம்னு போட்டிருந்துச்சு தங்கச்சி. அதான் நிம்மதி. இவரை ஏத்தி ஏத்தி எறக்க முடியாது” என்று என்னிடம் சொன்னார்.

எனக்கும் அப்போது அதற்கு மேல் தெரியாது. டிரைவர் முருகையாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரைப் படியேற்றினோம். உயரமான கோச். ஒவ்வொரு படிக்கும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். முன் சீட்டில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிச் சிரித்தார். “இனிமே ஜோகூர்லதான் எந்திரிப்பேன்” என்றார்.

உட்லண்ட்ஸ்

எல்லை தாண்டிப் பழக்கமில்லாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் உட்லண்ட்ஸில் சிங்கப்பூர் சோதனைச்சாவடி. அந்தப் பக்கம் மலேசியாவின் சோதனைச்சாவடி. காரில் போனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாஸ்போர்ட்டைக் காட்டலாம். பஸ்ஸில் போனால் இரண்டு இடத்திலும் எல்லாரும் இறங்கி, மாடியேறி, வரிசையில் நின்று, மறுபடி கீழே இறங்கி வந்து பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எந்த கம்பெனி பஸ்ஸாக இருந்தாலும் இதுதான் நடைமுறை. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதை மறைத்து ‘உட்காருங்கள், ஊரில் இறங்குங்கள்’ என்று போர்டு வைப்பவரை என்ன சொல்வது?

உட்லண்ட்ஸில் பஸ் நின்றதும் முருகையா, “எல்லாரும் எறங்குங்க. பெரிய பெட்டி வண்டியிலயே இருக்கட்டும், அந்தப் பக்கம் எடுத்துக்கலாம்” என்றார். பவானியின் முகம் மாறியது.

“எறங்கணுமா? டைரக்ட்னு சொன்னீங்களே!”

மறுபடி தியாகராஜனைப் படியிறக்கினோம். மற்றவர்கள் எஸ்கலேட்டரில் ஓடினார்கள். அதை நடை என்று சொல்ல மாட்டேன். ஓட்டம்தான். நாங்கள் லிப்டுக்குக் காத்திருந்தோம். மேலே போனால் தானியங்கி கேட்டில் வீல்சேர் நுழையாது, ஓரத்தில் இருக்கும் கவுன்டருக்குப் போகச் சொன்னார்கள். அங்கே இருந்த அதிகாரி பொறுமையாகத்தான் பார்த்தார். ஆனால் அந்த வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய குடும்பம் நின்றது. எல்லாம் முடிந்து கீழே வந்தபோது எங்கள் பஸ் புறப்படுவதற்கு உறுமிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

“முருகையா அண்ணே, அவங்க லிப்டுகிட்ட வந்துட்டாங்க. கொஞ்சம் நில்லுங்க!”

“அக்கா, நான் இங்க நிக்க முடியாது. பின்னாடி பாருங்க, எத்தன வண்டி. லேட்டாப் போனா பாஸு அடுத்த டிரிப்பு குடுக்க மாட்டாரு. அடுத்த பஸ்ல வரச் சொல்லுங்க.” அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “நீங்க ஏறுறதுன்னா ஏறுங்க.”

நான் ஏறவில்லை. பஸ் போய்விட்டது. பவானி வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அதன் பின்பக்கம்தான் தெரிந்தது.

“அந்தப் பெட்டியிலதான் இவரோட மருந்து இருக்கு” என்றார்.

கத்தவில்லை. அழவும் இல்லை. கைப்பிடியை இறுகப் பிடித்தபடி நின்றார். என்னைப் பார்த்துச் சொன்னார்: “நான் சிங்கப்பூர் பேக்டரியில வேல பாத்தவ, தங்கச்சி. பேரப்புள்ள பொறக்குற வரைக்கும் தெனமும் இதே எடத்துல ஓடி ஓடி பஸ் புடிச்சிருக்கேன். ஓடுறவங்களுக்குத்தான் பஸ்ஸுனு எனக்குத் தெரியும். இவரால ஓட முடியாதுன்னுதானே உங்ககிட்ட வந்தேன்?”

பாஸுக்குப் போன் போட்டேன்.

“அடுத்த பஸ்ல ஏத்தி விடு” என்றார்.

“அடுத்த பஸ் சாயந்தரம்தான் பாஸ். அவரால உக்கார முடியல. மருந்து வேற முன்னாடி போயிருச்சு.”

“சரி, அதுக்கு நான் என்ன பண்றது? பஸ் வெயிட் பண்ணாதுன்னு வெப்சைட்ல கீழ போட்டிருக்கோம்ல? நீ டென்ஷன் ஆகாத லா. வந்து கவுன்டரப் பாரு.”

கீழே போட்டிருக்கிறோமாம்! மேலே போர்டு அளவு எழுத்தில் ஒரு பேச்சு, கீழே எறும்பு அளவு எழுத்தில் இன்னொரு பேச்சு. அதுவரை எந்த வேலையிலும் எனக்கு அப்படிக் கோபம் வந்ததில்லை.

சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாக முத்திரை குத்தியாகிவிட்டது. மலேசியா இன்னும் வரவில்லை. இரண்டு நாட்டுக்கும் நடுவில் வெயில் காயும் பஸ் நிறுத்தத்தில் வலியோடு ஒரு மனிதர். பாலத்தில் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு நடக்கவும் வழியில்லை. அந்த நேரத்தில் சாதாரண டவுன் பஸ் ஒன்று வந்து நின்றது. வேலை முடிந்து ஜோகூருக்குத் திரும்பும் ஆட்கள் முண்டியடித்து ஏறினார்கள். நான் டிரைவரிடம் ஓடி, எனக்குத் தெரிந்த மலாயில் விஷயத்தைச் சொன்னேன். அவர் எட்டிப் பார்த்தார். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியே வந்துவிட்டார்.

“செமுவா நாயிக் டூலு” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். எல்லாரும் ஏறட்டும், பிறகுதான் வண்டி போகும் என்று அர்த்தம்.

பேக்டரி யூனிபார்மில் இருந்த நாலைந்து பேர் இறங்கி வந்தார்கள். தமிழர் ஒருவர், மற்றவர்கள் மலாய்க்காரரும் சீனரும். “அங்கிள், கைய மட்டும் உள்ள வச்சுக்கங்க” என்றார் அந்தத் தமிழர். சேரோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது. டவுன் பஸ் டிரைவர் கண்டுகொள்ளவே இல்லை.

பெட்டி

மலேசியச் சாவடியிலும் அந்த ஆட்களே கூட நின்று இறக்கி விட்டார்கள். அதையும் தாண்டி, எங்கள் கோச் நிற்கும் இடத்துக்கு டாக்சி பிடித்துப் போனோம். கோச் ஆட்களை இறக்கிவிட்டு எப்போதோ திரும்பிப் போயிருந்தது. பவானியின் பெட்டி ஒரு பூட்டிய கடை முன்னால், நடைபாதையில் படுத்துக் கிடந்தது. நடுவில் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. திறந்தால் எக்ஸ்ரே படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. மருந்து பிளாஸ்டிக் பையில் இருந்ததால் தப்பியது.

தியாகராஜன் அதைப் பார்த்தார். அவ்வளவு நேரமும் ஒரு வார்த்தை குறை சொல்லாத மனிதர், “என்னையும் இப்பிடித்தானே விட்டுட்டுப் போனாங்க” என்றார்.

பவானி அவருக்கு மாத்திரை கொடுத்துத் தண்ணீர் குடிக்க வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “உங்க ஆபீஸ் எங்க இருக்கு? நான் வருவேன்.”

கோபத்தில் எல்லாரும் சொல்வதுதானே என்று நினைத்தேன். வந்தார். அடுத்த வாரமே பாலம் தாண்டி, பஸ் மாறி, சிராங்கூன் ரோடு ஆபீசுக்கு வந்து நின்றார். சனிக்கிழமை. ஆபீஸ் நிறையக் கஸ்டமர்கள். என்னையும் அன்று அங்கே கூப்பிட்டிருந்தார்கள்.

பாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்கம்மா. டீ சொல்லவா? நடந்தது நடந்து போச்சு. உங்களுக்கும் சாருக்கும் அடுத்த டிரிப் ஃப்ரீ. சந்தோஷமா?”

“அதே பஸ்ல இன்னொரு தடவ ஏறுறதுக்கா?” என்றார் பவானி.

வரிசையில் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். பாஸ் சிரிக்கவில்லை.

“அப்ப என்னதான் வேணும்?”

“ஒண்ணு, முடியாதவங்க வந்தா பஸ்ஸ நிக்க வைங்க. இல்லன்னா அந்த டைரக்ட்ங்கிற வார்த்தைய எடுங்க. ரெண்டுல ஒண்ணு செய்யுங்க.”

“எல்லா கம்பெனியும் அப்பிடித்தான் போடுறாங்கம்மா. வீல்சேர்ல வர்றது எப்பவோ ஒருத்தர். அவருக்காக பஸ் முழுக்கக் காத்திருக்க முடியுமா?”

“அன்னிக்கு டவுன் பஸ்ஸே காத்திருந்துச்சு பாஸ்” என்றேன் நான். “நான் பாத்தேன்.”

பாஸ் என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டார். “நீ யாரு பக்கம்? சம்பளம் யாரு குடுக்கறா?” என்று கேட்டார். நான் கதவைத் திறந்தேன். வெளியே வந்தபோது பவானி போயிருந்தார்.

அதன் பிறகு

திங்கட்கிழமை கவுன்டரில் உட்கார்ந்தேன். ‘டைரக்ட்’ என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. கேட்ட ஒவ்வொருவருக்கும் உள்ளதைச் சொன்னேன். “ரெண்டு எடத்துல எறங்கி ஏறணும். பஸ் காத்திருக்காது. நடக்க முடிஞ்சவங்கன்னா நல்ல பஸ். கைக்குழந்தை, வயசானவங்க கூட இருந்தா லைசன்ஸ் உள்ள வேன் பாருங்க, எறங்காமலே போகலாம்.” பாதிப் பேர் டிக்கெட் எடுத்தார்கள். பாதிப் பேர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

விஷயம் பாஸ் காதுக்குப் போனது. ஒரு நாள் அவரே கவுன்டருக்கு வந்து, கஸ்டமர்கள் முன்னால் சத்தம் போட்டார்.

“கஸ்டமரத் தொரத்தறதுக்கா ஒன்ன இங்க வச்சிருக்கேன்?”

தள்ளுவண்டியில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் குறுக்கே கேட்டார்: “சார், இவங்க சொல்றது பொய்யா?”

“பொய் இல்ல… ஆனா அப்பிடி எல்லாத்தையும் சொல்லிட்டு இருக்கத் தேவையில்ல” என்றார் பாஸ்.

அந்தப் பெண் டிக்கெட் எடுக்காமல் போனார். அந்த மாதக் கடைசியில் நான் வேலையை விட்டேன். வருத்தம் இருந்தது. அந்த ஆபீசில்தான் வேலை கற்றுக்கொண்டேன். ஆனால் வெட்கப்படாமல் உட்கார முடியாத நாற்காலியில் எவ்வளவு நாள் உட்காருவது? கிளமெண்டியில் இருந்த ஒரு சின்ன வேன் கம்பெனியில் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன். நான் புக்கிங் எடுக்கும்போது கேட்ட முதல் கேள்வி, ‘நடக்கக் கஷ்டப்படறவங்க யாராச்சும் இருக்காங்களா?’

பழைய கம்பெனி என்ன ஆனது என்று கேட்பீர்கள். புகார்கள் சேர்ந்ததும் பாஸ் ‘டைரக்ட்’ மேல் ஸ்டிக்கர் ஒட்டி ‘எக்ஸ்பிரஸ்’ என்று மாற்றினார். பஸ் இன்னும் காத்திருப்பதில்லை என்று முருகையா சொன்னார். அவரும் இப்போது அங்கே இல்லை. ஒரு கர்ப்பிணிக்காக நின்றதற்கு டிரிப்பைக் குறைத்துவிட்டார்களாம். தியாகராஜன் ஆறேழு மாதத்தில் ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்துவிட்டார் என்று பவானி போனில் சொன்னார். இந்தப் பக்கம் வர மட்டும் மறுக்கிறாராம். “பாலத்தப் பத்திப் பேசுனாலே மூஞ்சியத் திருப்பிக்கறாரு” என்றார். அதைக் கேட்டபோது எனக்குப் பழைய கோபம் அப்படியே திரும்பி வந்தது. எலும்பை டாக்டர் சேர்த்துவிட்டார். நாம் உடைத்ததை யார் சேர்ப்பது?

சிங்கப்பூருக்கும் ஜோகூருக்கும் நடுவில் புதிய ரயில் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். வரட்டும். ரயிலுக்கும் டிக்கெட் விற்க ஒருவர் உட்காருவார். போக்குவரத்து வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நீங்கள் விற்கும் பாதையில் ஒரு முறை நீங்களே போய்ப் பாருங்கள். உடம்புக்கு முடியாத ஒருவரோடு போய்ப் பாருங்கள். திரும்பி வந்த பிறகு உங்கள் வாயில் எந்த வார்த்தை வருகிறதோ, அதையே கஸ்டமரிடம் சொல்லுங்கள்.